சுறா கேட்கும் கேள்வியும் நமது கடைக் கணக்கும்

தொலைக்காட்சியில் முதலீடு கேட்கும் நிகழ்ச்சிகளை இப்போது நமது பிள்ளைகள் மிகவும் விரும்பிப் பார்க்கிறார்கள். வசதி படைத்த வர்த்தகர்கள் நான்கைந்து பேர் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் ஒரு சிறு வியாபாரி தனது பொருளோடு வந்து நிற்பார். "எனக்கு இவ்வளவு பணம் தாருங்கள், எனது வியாபாரத்தில் இத்தனை வீதம் பங்கு தருகிறேன்" என்பார். அவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். சிலருக்குப் பணம் கிடைக்கும். பலர் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

இந்த வழக்கம் 2001இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆரம்பித்தது. அந்த நிகழ்ச்சியின் பெயருக்குப் 'பணப் புலி' என்று பொருள். 2005இல் அது இங்கிலாந்துக்குப் போய் பி.பி.சி.யில் 'ட்ரகன்ஸ் டென்' ஆனது. 2009இல் அமெரிக்காவில் 'ஷார்க் டேங்க்' என்ற பெயரில் புலி சுறாவாக மாறியது. 2021 டிசம்பரில் இந்தியாவின் சோனி அலைவரிசைக்கு அதே சுறா வந்தது. 2025 ஜனவரியில் விஜய் தொலைக்காட்சி 'ஸ்டார்ட்அப் சிங்கம்' என்று தமிழிலேயே தொடங்கியது. நமது நாட்டில் சுயாதீன தொலைக்காட்சியில் 'அத் பவுர' என்று ஒன்று வந்தது. யானைச் சுவர் என்று அதற்கு அர்த்தம். சமூகத்துக்குப் பயன்படும் சிறு தொழில்களுக்கு முதலீடு தேடித் தருவது அதன் நோக்கம். அதை முன்னின்று நடத்திய சந்துல அபேவிக்ரம, ஹற்றன் நஷனல் வங்கியில் உயர் பதவி வகித்தவர். அந்த வங்கியின் வேர் நமது ஊரில்தான் இருக்கிறது. 1888இல் ஹற்றனில் இரண்டு தோட்டத் துரைமார் சேர்ந்து ஆரம்பித்த சிறிய வங்கிதான் அது.

நமது பெரியவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கம்பனிக்காரர்களின் விளையாட்டு. ஹற்றனில் சில்லறைக் கடை வைத்திருப்பவனுக்கும் தலவாக்கலையில் புடைவைக் கடை வைத்திருப்பவனுக்கும் இதனால் என்ன பிரயோசனம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

எனது பதில் இது. அந்த மேடையில் கைமாறும் பணம் நமக்கு வரப்போவதில்லை. ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்விகள் அத்தனையும் நமக்கு உரியவை. ஏனென்றால் நாமும் முதலீடு கேட்கிறோம். மேடையில் அல்ல, மச்சான் வீட்டு விறாந்தையில் கேட்கிறோம். சவூதியிலிருந்தும் கட்டாரிலிருந்தும் வந்த தம்பியிடம் கேட்கிறோம். புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் இன்னும் ஒரு மாதத் தவணை கேட்பதும் முதலீடு கேட்பதுதான். ஆனால் இங்கே யாரும் நம்மிடம் கேள்வி கேட்பதில்லை. முகத்துக்காகத் தருகிறார்கள். வியாபாரம் சரிந்தால் கடையோடு சேர்ந்து உறவும் போய்விடுகிறது. அதனால்தான் அந்தக் கேள்விகளை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

முதல் கேள்வி: விற்பனை எவ்வளவு, கையில் மிஞ்சுவது எவ்வளவு?

2007இல் 'ட்ரகன்ஸ் டென்' நிகழ்ச்சிக்கு லெவி ரூட்ஸ் என்பவர் கிற்றார் வாசித்துப் பாடிக்கொண்டு வந்தார். ஜமெய்க்காவிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய அவர், வீட்டில் தயாரித்த காரமான சோஸ் ஒன்றுக்கு 50,000 பவுண் கேட்டார். பாட்டு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கணக்கில்தான் சிக்கினார். இருபத்தைந்து இலட்சம் லீற்றருக்கு ஓடர் இருப்பதாகச் சொன்னார். கடிதத்தை வாங்கிப் பார்த்தபோது அதில் இருந்தது 2,500 கிலோ. 20 வீதம் தருவதாக வந்தவர் கடைசியில் 40 வீதத்தைக் கொடுத்துத்தான் பணம் பெற்றார்.

நமது கடைகளிலும் இதே நிலைதான். "வியாபாரம் எப்படி?" என்று கேட்டால், "ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் போகும்" என்போம். அது விற்பனை. அதில் மிஞ்சுவதைக் கேட்டால் பலரிடம் பதில் இல்லை. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சில்லறைக் கடையில் நாளொன்றுக்கு 50,000 ரூபா விற்பனை. மாதத்தில் 26 நாள் என்றால் 13 இலட்சம். இலாபம் 15 வீதம் என்று வைத்தால் 195,000 ரூபா. இனிச் செலவு. கடை வாடகை 50,000. இரண்டு பையன்களின் சம்பளம், சாப்பாடு, சேமலாப நிதி எல்லாம் சேர்த்து 90,000. மின்சாரமும் தொலைபேசியும் 12,000. லொறிக் கூலி 18,000. பழுதானது, எலி கடித்தது, நிறை குறைந்தது 10,000. மொத்தம் 180,000. மிச்சம் 15,000 ரூபா.

அந்த முதலாளி வீட்டுச் செலவுக்கு மாதம் 75,000 ரூபா லாச்சியிலிருந்து எடுக்கிறார். அப்படியானால் மாதம் 60,000 ரூபா முதலிலிருந்து போகிறது. வருடத்துக்கு 720,000 ரூபா. கடையில் கூட்டம் இருக்கிறது, லாச்சியில் காசு புரளுகிறது, ஆனால் முதல் கரைகிறது. மொத்த வியாபாரி தவணை கொடுக்கும் வரை இது வெளியில் தெரியாது. அவர் கையை மூடும் நாளில்தான் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்கள் வாடகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தமக்கென்று ஒரு சம்பளமும் போடுவதில்லை. கடையை மூடிவிட்டு அந்தக் கட்டடத்தை வாடகைக்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும், தாம் வேறு ஒருவரிடம் முகாமையாளராக வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். அவ்விரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வியாபாரத்தின் இலாபம். தொலைக்காட்சியில் இருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "நீ சம்பளம் எடுக்கிறாயா?"

இரண்டாவது கேள்வி: உனது கடையின் பெறுமதி என்ன?

மேடையில் ஒருவர் பத்து இலட்சம் கேட்டு 25 வீதம் பங்கு தருவதாகச் சொன்னால், உடனே எதிரில் இருப்பவர் மனக்கணக்குப் போடுவார். 25 வீதம் பத்து இலட்சம் என்றால் நூறு வீதம் நாற்பது இலட்சம். "உன் வியாபாரம் நாற்பது இலட்சம் பெறுமா?" என்று கேட்பார்.

நமது கடையைப் பார்ப்போம். சரக்கு 30 இலட்சத்துக்கு இருக்கிறது. கொப்பியில் வரவேண்டிய கடன் 8 இலட்சம். அதில் உண்மையிலேயே வரக்கூடியது 5 இலட்சம். மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது 12 இலட்சம். ஆக 23 இலட்சம்தான் கணக்கில் நிற்கிறது. மீதி 17 இலட்சம் கடையின் பெயருக்கும் இடத்துக்கும் எதிர்கால இலாபத்துக்கும் நாம் கேட்கும் விலை. அது நியாயமா என்று அறிய இன்னொரு கணக்கு இருக்கிறது. நமது சம்பளத்தைக் கழித்த பின் மாதம் 50,000 ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 6 இலட்சம். பங்காளியின் 25 வீதம் 150,000 ரூபா. அவர் போட்ட பத்து இலட்சம் திரும்பி வர ஆறு வருடமும் எட்டு மாதமும் செல்லும். அத்தனை காலம் காத்திருக்க அவர் சம்மதிப்பாரா? கேட்டுப் பார்த்துத்தான் பணத்தை வாங்க வேண்டும்.

இந்தப் பெறுமதி பார்க்கும் வேலை நமக்குப் புதியதல்ல. ஸகாத் கணக்குக்காக வருடத்துக்கு ஒரு முறை கடைச் சரக்கை எண்ணி, அன்றைய சந்தை விலையில் பெறுமதி போடுகிறோம். வரக்கூடிய கடனைச் சேர்த்து, கொடுக்க வேண்டியதைக் கழிக்கிறோம். முதலீட்டாளர் முதலில் கேட்கும் பட்டியலும் ஏறத்தாழ அதுதான். அதை எடுத்து முடித்தவுடன் கிழித்துப் போடாமல் ஒரு கோப்பில் வைத்து வாருங்கள். ஐந்து வருடப் பட்டியல் ஒன்றாக இருந்தால், முதல் வளர்ந்ததா கரைந்ததா என்பதை அந்தக் கடதாசிகளே சொல்லிவிடும்.

அன்றைய விலையில் பெறுமதி போடுவது எவ்வளவு முக்கியம் என்பதை 2022ஆம் ஆண்டு எல்லோருக்கும் கற்பித்தது. அந்த வருடம் மார்ச் மாத ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. வாங்கிய விலைக்கு மேல் 15 வீதம் வைத்து விற்றவர்கள் கைநிறைய இலாபம் என்று நினைத்தார்கள். அந்தக் காசை எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனபோது அதே அளவு சரக்கு வாங்கப் போதவில்லை.

மூன்றாவது கேள்வி: எது நடந்தால் உனது வியாபாரம் நின்றுவிடும்?

முதலீட்டாளர்கள் இதைப் பல விதமாகக் கேட்பார்கள். உனது பொருளை வாங்குபவர் ஒருவரா, நூறு பேரா? சரக்குத் தருபவர் தராவிட்டால் என்ன செய்வாய்? நீ படுத்துவிட்டால் கடையை யார் பார்ப்பார்?

மலையகத்தில் இதற்குத் தனிக் கணக்கு உண்டு. நமது வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் தோட்டத் தொழிலாளர்கள். பத்தாம் திகதியளவில் சம்பளம் போட்டால்தான் கொப்பிக் கடன் வரும். மழையால் கொழுந்து குறைந்து, வேலை நாள் குறைந்தால், அவர்கள் வாங்குவதும் குறையும், பழைய கடன் வருவதும் தள்ளிப் போகும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடி. ஒரு கடையின் கடன் கொப்பியில் முக்கால்வாசிப் பேர் ஒரே தோட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்றால், அந்தத் தோட்டத்தில் ஏற்படும் எந்தப் பிரச்சினையும் அந்தக் கடையின் பிரச்சினை.

பாதையும் அப்படித்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டில் மண் சரிந்து பாதைகள் மூடப்பட்டன. சரக்கு லொறி வர வழியில்லை. அப்போதும் செக்குகளுக்குத் திகதி வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு மாத விற்பனை இல்லாவிட்டாலும் வாடகையையும் சம்பளத்தையும் செக்குகளையும் தாங்குவதற்குக் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நாம் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறோமா? பத்து இலட்சம் முதலீடு தேடுவதற்கு முன்னால் இந்தத் தொகையைச் சேர்த்து வைப்பது அவசியம்.

நான்காவது கேள்வி: இந்தப் பணம் எதற்கு?

மேடையில் நிற்பவர் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டும். "ஒரு இயந்திரம் வாங்க. அது வந்தால் நாளைக்கு நூறு பக்கற் கூடுதலாகச் செய்வேன். அவற்றை வாங்கக் கடைகள் தயாராக இருக்கின்றன." இப்படிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். "பழைய கடன் கொஞ்சம் இருக்கிறது, அதை முடிக்க" என்று வாய் தவறிச் சொன்னாலும் பணப்பையை மூடிவிடுவார்கள்.

இது கல்நெஞ்சம் அல்ல. பழைய ஓட்டையை அடைக்கப் போகும் பணம் புதிதாக ஒரு சதத்தையும் சம்பாதிக்காது. மேலே சொன்ன கடையில் மாதம் 60,000 ரூபா கரைகிறது. அங்கே பத்து இலட்சத்தைப் போட்டால் பதினாறு மாதம் தாங்கும். பதினேழாவது மாதம் அதே இடத்தில் நிற்போம். ஆனால் அப்போது ஒரு பங்காளியும் நமக்கு எதிரில் நிற்பார். முதலில் கரைவதை நிறுத்த வேண்டும். அதற்குப் பணம் தேவையில்லை. ஓடாத சரக்கைக் கழிவு போட்டு விற்பது, கடனுக்கு ஓர் எல்லை வைப்பது, வீட்டுச் செலவைச் சம்பளமாக வரையறுப்பது போன்ற கசப்பான முடிவுகள்தான் தேவை.

ஐந்தாவது கேள்வி: யாரோடு, எந்த நிபந்தனையில்?

இந்திய நிகழ்ச்சியில் மகாராஷ்டிர மாநிலம் மாலேகாவைச் சேர்ந்த கமலேஷ் என்ற விவசாயி மகன் வந்தார். வயலில் தள்ளிக்கொண்டு போய்க் கிருமிநாசினி தெளிக்கும் வண்டி ஒன்றை அவரே செய்திருந்தார். கம்பனியோ விற்பனையோ காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணாடி வியாபாரத்தில் பெயர் பெற்ற 'லென்ஸ்கார்ட்' நிறுவனத்தின் பியூஷ் பன்சல் மட்டும் முன்வந்தார். 10 இலட்சம் இந்திய ரூபாவுக்கு 40 வீதப் பங்கு, அதற்கு மேல் 20 இலட்சம் வட்டியில்லாக் கடன். 40 வீதம் அதிகம்தான். ஆனால் காட்டுவதற்கு விற்பனைக் கணக்கு இல்லாதவர் பங்கில்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கணக்கு வைத்திருப்பவர் குறைந்த பங்குக்கு அதிகப் பணம் கேட்க முடியும்.

அதற்காக 40 வீதம் கொடுத்தவரெல்லாம் ஏமாந்தவர் என்று சொல்ல முடியாது. லெவி ரூட்ஸின் சோஸ், நிகழ்ச்சி முடிந்த சில வாரங்களில் இங்கிலாந்தின் பெரிய சுப்பர் மார்க்கெட்டான செயின்ஸ்பரிக்குப் போனது. பங்காளியிடமிருந்து பணத்தோடு ஒரு வாசலும் திறந்தது. நமது பங்காளியிடம் பணத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மொத்தச் சந்தையில் அவருக்குப் பழக்கம் இருக்கிறதா, வாகனம் இருக்கிறதா, கணக்குத் தெரியுமா?

வேண்டாம் என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். 2013இல் அமெரிக்காவில் ஜேமி சிமினோஃப் என்பவர் கதவு மணியில் கமரா வைத்த பொருளோடு வந்து, 10 வீதத்துக்கு 7 இலட்சம் டொலர் கேட்டார். ஒருவர் மட்டும் கடனும் விற்பனையில் தொடர்ச்சியாக ஒரு பங்கும் என்று ஒரு நிபந்தனை வைத்தார். பணம் மிகவும் தேவைப்பட்ட நேரத்திலும் சிமினோஃப் அதை ஏற்காமல் திரும்பினார். பின்னர் 'ரிங்' என்று பெயர் மாறிய அந்தக் கம்பனியை 2018இல் அமேசன் வாங்கியது. விலை நூறு கோடி டொலருக்கும் மேல் என்று செய்திகள் வெளியாகின.

நமது பக்கத்தில் நடப்பது வேறு. நான் அறிந்த ஒரு குடும்பத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவர் தனது மச்சானின் கடையில் பல இலட்சம் போட்டார். எழுத்து எதுவும் இல்லை. "மாதம் இருபதாயிரம் இலாபம் தருவேன்" என்பது பேச்சு. முதல் வருடம் ஒழுங்காக வந்தது. பின்பு நின்றது. போட்டவர், "நான் கொடுத்தது கடன், முழுவதையும் திருப்பித் தா" என்றார். வாங்கியவர், "நீ பங்காளி, நட்டத்திலும் உனக்குப் பங்கு இருக்கிறது" என்றார். இருவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தினர் பல முறை உட்கார்ந்து பேசியும் தீரவில்லை. இன்று இரண்டு வீட்டாரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போவதில்லை.

மாதம் இவ்வளவு என்று நிச்சயமான தொகை பேசிவிட்டு அதை இலாபம் என்று சொல்வது பெயர் மாற்றம் மட்டுமே. பங்கு என்றால் வருவதில் இத்தனை வீதம் என்று இருக்க வேண்டும். ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் போடும் முளாரபா முறையில், இலாபம் பேசிய வீதப்படி பிரியும். உழைத்தவர் கவனயீனமாக நடக்காத வரை பண நட்டம் பணம் போட்டவருக்கு, உழைப்பு நட்டம் உழைத்தவருக்கு. இருவரும் முதல் போடும் முஷாரகாவில் நட்டம் அவரவர் முதலின் அளவுப்படி பிரியும். எந்த முறை என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டால் பிற்காலத்தில் சண்டைக்கு இடமில்லை.

தீர்மானித்ததை எழுத வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி நமது மார்க்கமே சொல்லியிருக்கிறது. நாட்டுச் சட்டமும் சொல்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடமைக்கு எழுத்து மூல உடன்படிக்கை தேவை. இன்று ஆயிரம் ரூபா முதலில் எந்த வியாபாரமும் இல்லை. ஆகவே அது நம் எல்லோருக்கும் பொருந்தும். இன்னொன்று, சாதாரணப் பங்குடமையில் கடையின் கடனுக்குப் பங்காளிகளின் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டி வரும். வரையறுக்கப்பட்ட தனியார் கம்பனியாகப் பதிந்தால், பொதுவாகப் போட்ட பங்கு அளவோடு பொறுப்பு நின்றுவிடும். தொகை பெரிதானால் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுச் செய்வதே நல்லது.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியது

இந்த நிகழ்ச்சிகளில் காட்டுவதையெல்லாம் அப்படியே நம்பவும் கூடாது. நீண்ட நேரம் நடந்த பேச்சைச் சில நிமிடமாக வெட்டித்தான் காட்டுகிறார்கள். மேடையில் கைகுலுக்கிய ஒப்பந்தங்களில் பல, பின்னர் ஆவணங்களைப் பரிசீலிக்கும்போது மாறிவிடுகின்றன அல்லது நின்றுவிடுகின்றன. வருடக்கணக்கில் நட்டத்தில் ஓடிக்கொண்டே பெரிய பெறுமதி சொல்லும் கம்பனிகளும் அங்கே வரும். அவர்களுக்குப் பின்னால் அடுத்தடுத்துப் பணம் போட ஆட்கள் இருப்பார்கள். நமக்குப் பின்னால் இருப்பது மனைவியின் நகையும் வீட்டு உறுதியும்தான். அவர்களைப் பார்த்து நாம் அகலக் கால் வைக்கக் கூடாது.

ஆகவே பிள்ளைகள் அடுத்த முறை இதைப் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். முதலீட்டாளர் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும், நமது கடைக்கு அதன் பதில் என்ன என்று பிள்ளையிடமே கேளுங்கள். தெரியாவிட்டால் மறுநாள் கடைக்கு அழைத்துப் போய்க் கொப்பிகளை விரித்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நாளைக்கு அந்தக் கடையை நடத்தப் போவது அவர்கள்தான். யாரிடமும் பணம் கேட்கப் போவதற்கு முன்னால், இந்த ஐந்து கேள்விகளுக்கும் உரிய பதில் ஒரு தாளில் எழுதி நமது கையில் இருக்கட்டும்.